நினைவு நாள் கிடைக்காத ஒரு போர்

மஹாளய பக்ஷத்தில் பஞ்சாங்கத்தைப் பிரித்தால் சில திதிகளுக்கு எதிரே தனிக் குறிப்பு இருக்கும். மஹாபரணி, மத்யாஷ்டமி, ஸந்யஸ்த மஹாளயம் என்று வந்து, அமாவாசைக்கு முந்தைய சதுர்தசியில் சஸ்த்ரஹத மஹாளயம் என்று போட்டிருப்பார்கள். ஆயுதத்தால் உயிர் துறந்தவர்களுக்கு உரிய நாள் அது. நம் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு அந்த வரியில் வேலை இருப்பதில்லை. வாத்யார் சொல்லும் தேதியைக் குறித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

நம் ராணுவத்திலும் இப்படி ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஒவ்வொரு படைப்பிரிவும் தான் தொடங்கப்பட்ட நாளை ரெய்சிங் டே என்று கொண்டாடுகிறது. பெரிய சண்டையில் பேர் வாங்கிய நாளைத் தனியாக அனுசரிக்கிறது. நவம்பர் 18 என்றால் குமாவுன் ரெஜிமென்டின் 13-வது பட்டாலியனுக்கு 1962-ஆம் வருடத்து ரெஸாங் லா. டிசம்பர் 16 நாடு முழுவதற்கும் 1971-ன் வெற்றி நாள். ஜூலை 26 கார்கில். அன்று த்ராஸில் உள்ள நினைவகத்துக்கு உயிரிழந்தவர்களின் பெற்றோரும் மனைவி மக்களும் வருகிறார்கள். அந்த நாட்களில்தான் ஓய்வு பெற்றவர்களும் வீரர்களின் குடும்பங்களும் ஒரே இடத்தில் கூடிப் பேசிக்கொள்ள முடிகிறது.

சுமார் 1,200 பேர் உயிரிழந்த ஒரு நடவடிக்கைக்கு மட்டும் முப்பத்தெட்டு வருட காலம் அப்படி ஒரு நாள் அமையவில்லை. 1987-லிருந்து 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படையைத்தான் சொல்கிறேன். அந்தப் படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரத்தைப் பெற்றவர் பம்பாயில் வளர்ந்த நம்மவர் ஒருவர் என்பதால் இந்தக் கதையைச் சற்று விரிவாகவே எழுதத் தோன்றியது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். போராளிகள் ஆயுதங்களை ஒப்படைப்பதை மேற்பார்வை பார்க்கவும், அமைதியை நிலைநாட்டவும் நம் படை சென்றது. போன புதிதில் யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். இரண்டே மாதத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஆபரேஷன் பவன் என்ற பெயரில் விடுதலைப் புலிகளுடன் நேரடிப் போர் தொடங்கியது.

அதன் தொடக்கமே பெரும் சோகம். அக்டோபர் 11 நள்ளிரவில், புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து வீரர்களை இறக்கினார்கள். திட்டம் முன்கூட்டியே எதிர்த் தரப்புக்குத் தெரிந்திருந்தது. கமாண்டோக்களுடன் சீக்கிய இலகு காலாட்படையின் 13-வது பட்டாலியனைச் சேர்ந்த 30 பேர் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஹெலிகாப்டர்கள் சேதமடைந்தபடியால் மீதிப் படையைக் கொண்டுவர முடியவில்லை. தனித்து விடப்பட்ட அந்த 30 பேரும் மறுநாள் தோட்டா தீரும் வரையில் சண்டையிட்டார்கள். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைப்பட்டார்.

அந்த 29 குடும்பங்களுக்கும் ஊரில் என்ன செய்தி போயிருக்கும்? அந்த நாளில் தந்தி. அதில் இரண்டு மூன்று வரி. இப்போது நாம் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி ஊர் எல்லைக்கு வந்து, கிராமமே திரண்டு நிற்கும் காட்சி, அது பரவலான வழக்கமானது 1999 கார்கிலுக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய போர்களில் பெரும்பாலும் களத்துக்கு அருகிலேயே தகனம் நடந்துவிடும். பெற்றவர்கள் முகம் பார்ப்பதில்லை. எப்படி இறந்தான், எத்தனை நேரம் உயிர் இருந்தது, தண்ணீர் கேட்டானா, கடைசியாக யார் பெயரைச் சொன்னான் என்பதெல்லாம் பக்கத்தில் இருந்தவனுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பக்கத்தில் இருந்தவனைத் தேடிப் போவதற்குத்தான் குடும்பங்களுக்கு ரீயூனியன் தேவைப்படுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது விருந்தும் பழங்கதையுமாகத் தெரியலாம்.

இந்தத் தாகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1971 போரிலிருந்தே ஒரு நிகழ்ச்சி. பஸந்தர் போரில் 21 வயதில் உயிர் நீத்துப் பரம் வீர் சக்ரம் பெற்ற பூனா ஹார்ஸ் அதிகாரி அருண் கேத்ரபாலின் தந்தையும் ராணுவத்தில் பிரிகேடியராக இருந்தவர். 2001-ல், 81-வது வயதில், தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் வைத்து உபசரித்தவர் அந்நாட்டின் ஓய்வு பெற்ற பிரிகேடியர் க்வாஜா முகம்மது நாஸர். புறப்படுவதற்கு முன் நாஸர் ஓர் உண்மையைச் சொன்னார்: அன்றைய தினம் அருணின் டாங்கியைச் சுட்டது தாமே என்று. மகன் போய் முப்பது வருடம் கழித்து, அவனது கடைசி நிமிஷத்தை நேரில் பார்த்த சாட்சி அந்தத் தகப்பனாருக்கு எதிரியின் வீட்டில் கிடைத்தது. இருவரும் கோபமின்றிப் பிரிந்தார்கள்.

இனி நம் பம்பாய்க்காரரைப் பார்ப்போம். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் பிறந்தார். எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியிலும் பிறகு அதே நிறுவனத்தின் கல்லூரியிலும் படித்து 1968-ல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். மாதுங்கா, சயான் பக்கத்து அங்கத்தினர்கள் பலருக்கு அது தங்கள் சொந்தப் பள்ளி. அங்கே படித்து வெளிவரும் பையன்கள் வங்கிக்கும் ரயில்வேக்கும் கணக்குத் துறைக்கும் போன காலத்தில் இவர் சென்னையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். 1972 ஜூனில் மஹர் ரெஜிமென்டில் அதிகாரியானார்.

மஹர் ரெஜிமென்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தீண்டாமைக்கு ஆளான ஒரு சமூகத்தின் பெயரைத் தாங்கியது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் மஹர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மீண்டும் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் வாதாடினார். 1941 அக்டோபரில் பெல்காமில் அந்த ரெஜிமென்ட் எழுந்தது. பிற்பாடு எல்லா மாநிலத்தவரும் எல்லா ஜாதியினரும் அதில் சேர்ந்தார்கள். அந்தப் படையின் ஜவான்களோடு ஒரே லங்கரில் உண்டு, ஒரே கூடாரத்தில் உறங்கி, அவர்களாலேயே 'பேரி ஸாஹப்' என்று செல்லப் பெயர் சூட்டப்பட்டவர் பரமேஸ்வரன். நம் சமூகத்துப் பெரியவர்களின் பட்டியலை மேடையில் வாசிக்கும்போது இந்தப் பகுதியை விட்டுவிட்டு வாசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிஸோராமிலும் திரிபுராவிலும் பணியாற்றிய பிறகு, 8-வது மஹர் பட்டாலியனோடு இலங்கைக்குப் போனார். 1987 நவம்பர் 25. யாழ்ப்பாணத்தை ஒட்டிய பகுதியில் தேடுதல் வேட்டையை முடித்துத் திரும்பும்போது அவரது அணி இரவில் பதுங்கியிருந்தவர்களிடம் மாட்டிக்கொண்டது. அவர் நிதானம் இழக்காமல் சுற்றி வளைத்துப் பின்பக்கமாகப் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவன் அவர் மார்பில் சுட்டான். அவனுடைய துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டு வீழ்த்தினார். விழுந்த பிறகும் உயிர் பிரியும் வரை உத்தரவுகள் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று விருதுக் குறிப்பு சொல்கிறது. அப்போது வயது 41. 1988 குடியரசு தினத்தில் பரம் வீர் சக்ரம் அறிவிக்கப்பட்டது. இருந்திருந்தால் இன்றைக்கு ஸதாபிஷேகத்துக்கு நாள் பார்க்கும் வயது.

விருது பெற்றவருக்குச் சிலையும் தெருப் பெயரும் கிடைத்துவிடும். சென்னையில் ராணுவக் குடியிருப்பு ஒன்றுக்கு அவர் பெயர் உள்ளது. 2023 ஜனவரியில் அந்தமானில் பெயரில்லாத 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரம் பெற்ற 21 பேரின் பெயர்களைச் சூட்டியபோது அவர் பெயரில் ஒரு தீவும் வந்தது. விருதுப் பட்டியலில் பெயர் இல்லாத மற்ற ஆயிரத்துச் சொச்சம் பேர் விஷயம்தான் சிக்கல்.

படை 1990 மார்ச் 24-ல் திருகோணமலையிலிருந்து முழுமையாக விலகியது. கப்பலில் சென்னைக்குத் திரும்பியவர்களை வரவேற்கத் தமிழக முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை. சொந்தத் தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவரது நிலை. தில்லியில் ஆட்சி மாறியிருந்தது. படையை அனுப்பியது தவறு என்று நினைப்பவர்கள் அங்கேயும் இருந்தார்கள். கொழும்பில் படையை அழைத்த அதிபர் போய், வெளியேறச் சொன்ன அதிபர் பிரேமதாசா வந்திருந்தார். மூன்று தலைநகரங்களிலும் இதைத் தன்னுடைய போர் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. வெற்றி என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்றும் ஒப்புக்கொள்ள மனமில்லை. ஆகவே நாள் குறிக்காமலே விட்டுவிட்டார்கள்.

படைப்பிரிவுகள் மறக்கவில்லை. ரெய்சிங் டே வரும்போதெல்லாம் அந்தந்தப் பட்டாலியன் பழையவர்களுக்குக் கடிதம் போடும். காலையில் நினைவுத் தூணில் மலர்வளையம், பிறகு மந்திர் அல்லது குருத்வாராவில் பிரார்த்தனை, கமாண்டிங் அதிகாரி எல்லோரிடமும் பேசும் ஸைனிக் சம்மேளனம், அதற்குப் பின் அதிகாரியும் ஜவானும் ஒன்றாக உட்காரும் பெரிய விருந்தான படா கானா. வீரர்களின் மனைவிமார்களை வீர நாரி என்று அழைத்து முதல் வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்துவார்கள்.

ஒரு மூலையில் மேஜை போட்டு ரெகார்ட்ஸ் அலுவலகத்து எழுத்தர் உட்கார்ந்திருப்பார். என் பார்வையில் அன்றைய தினத்தின் முக்கியமான காரியம் அந்த மேஜையில்தான் நடக்கிறது. பென்ஷன் உத்தரவில் பெயர் ஓர் எழுத்து தப்பாக இருக்கும். மகளின் பிறந்த தேதி பதிவாகியிருக்காது. ஹரியானாவிலோ ராஜஸ்தானத்திலோ ஒரு கிராமத்திலிருந்து வரும் பெண்ணுக்கு இதைச் சொல்லித்தர வேறு ஆள் கிடையாது. ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். வீர விருது பெற்றவரின் மனைவி மறுமணம் செய்துகொண்டால், கணவரின் சகோதரரைத்தான் மணக்க வேண்டும், இல்லையேல் விருதுக்கான மாதத் தொகை நின்றுவிடும் என்று ஒரு விதி பல காலம் இருந்தது. 2017 நவம்பரில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அரசாணை தில்லியில் வெளியாகிவிடும். அது கிராமத்துக்குப் போய்ச் சேருவது இப்படிப்பட்ட கூட்டங்களின் மூலமாகத்தான். நம் சங்கத்தில் பாதுகாப்புக் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். அலகாபாத் பென்ஷன் அலுவலகத்துக் கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்வது அவர்களுக்கு ஒரு காபி குடிக்கும் நேரத்து வேலை.

ஆனால் பட்டாலியன் கூட்டங்களுக்கு ஓர் எல்லை உண்டு. ஜவான் என்பவர் முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார். பட்டாலியன் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வருடம் லடாக், அடுத்த முறை அஸ்ஸாம். அவ்வளவு தூரம் எல்லோராலும் வர முடியாது. விலாசம் மாறிவிடுகிறது. பெற்றோர் காலமாகிவிடுகிறார்கள். தவிர, இலங்கையில் பல ரெஜிமென்டுகளும் கடற்படையும் விமானப்படையும் சேர்ந்து பணியாற்றின. சீக்கிய வீரரை ஏற்றிச் சென்ற விமானிக்கும் அந்த வீரரின் தாயாருக்கும் பொதுவான ரெய்சிங் டே என்று ஒன்று கிடையாது. எல்லோரும் சேர்ந்து கூட ஒரு பொது நாளும் பொது இடமும் வேண்டியிருந்தன.

இடம் முதலில் அமைந்தது எங்கே தெரியுமோ? இலங்கையில். கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையில் 2008-ல், நம் வீரர்களின் பெயர்களைக் கறுப்புப் பளிங்கில் பொறித்து ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 2010 ஆகஸ்ட் 15-ல் நம் தூதர் அங்கே மலர்வளையம் வைத்தார். பிரதமர் மோடி 2015-லும் 2025-லும் அங்கே அஞ்சலி செலுத்தினார். யாழ்ப்பாணம் பலாலியிலும் ஒரு நினைவிடம் இருக்கிறது. தில்லியில் தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரி 25-ல்தான் திறக்கப்பட்டது. அங்கே தியாக சக்கரம் என்ற வட்டச் சுவர்களில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பொன்னெழுத்தில் உள்ளன. ஆபரேஷன் பவனில் மாண்டவர்களின் பெயர்களும் அவற்றில் அடக்கம்.

பெயர் சுவரில் ஏறிவிட்டது. நாள் மட்டும் வரவில்லை. அந்தக் குறையை ஓய்வு பெற்றவர்கள் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். அரசு அழைப்பிதழ் இல்லாமல், பேண்டு வாத்தியம் இல்லாமல், சொந்தச் செலவில் ரயில் ஏறித் தில்லி வந்து நினைவகத்தில் கூடினார்கள். இலங்கையில் லெப்டினன்டாக இருந்தவர்கள் இப்போது தலை நரைத்த தாத்தாக்கள். உடன் வந்த பெண்மணிகளில் சிலர் இருபது சொச்சம் வயதில் கணவரை இழந்தவர்கள். மற்றப் போர்களுக்குச் செய்வதை எங்களுக்கும் செய்யுங்கள் என்று அமைச்சகத்துக்கு மனு மேல் மனு போட்டார்கள். அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் ஜெனரல் ஏ.எஸ். கல்கத் முதுமையிலும் இதற்காகக் குரல் கொடுத்துவந்தார்.

இந்த இடத்தில் தமிழர்களாகிய நமக்கு ஒரு சங்கடம் இருப்பதை மறைப்பதற்கில்லை. 1987 அக்டோபர் 21 தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாண அரசு மருத்துவமனைக்குள் புகுந்த நம் படையினரின் துப்பாக்கிக்கு டாக்டர்களும் நர்ஸுகளும் நோயாளிகளுமாக ஏறக்குறைய 70 பேர் பலியானார்கள். அந்த மருத்துவமனை ஊழியர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் வருடந்தோறும் அந்த நாளில் கூடிப் படங்களுக்கு மாலையிட்டு விளக்கேற்றுகிறார்கள். அவர்களுக்கும் பக்கத்தில் இருந்த சாட்சிகள் உண்டு. அவர்களும் கடைசி நிமிஷத்தைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள். பரமேஸ்வரனை நினைப்பவர்கள் இவர்களை மறக்க வேண்டும் என்றோ, இவர்களை நினைப்பவர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் மாண்ட 29 பேரை வெறுக்க வேண்டும் என்றோ எனக்குத் தோன்றவில்லை. போருக்கு அனுப்புவது அரசாங்கம். போனவர்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போனவர்கள். மருத்துவமனையில் நடந்ததற்கு அந்த நியாயம் போதாது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மஹாளய தர்ப்பணத்தில் நம் வம்சத்தோடு நிற்காமல் காருணிக பித்ருக்கள் என்று குரு, ஸ்நேகிதர், தெரிந்தவர் எல்லோருக்கும் எள்ளும் ஜலமும் விடுகிறோம். அந்த வரிசையில் இரண்டு தரப்புக்கும் இடம் இருக்கிறது.

கடைசியில் நாள் வந்தது. 2025 நவம்பர் கடைசி வாரத்தில், பரமேஸ்வரன் வீர மரணம் அடைந்த தினத்தை ஒட்டி, தேசியப் போர் நினைவகத்தில் ராணுவம் முதன்முறையாக அதிகாரபூர்வமாக ஆபரேஷன் பவன் வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தியது. தரைப்படைத் தலைவர் ஜெனரல் உபேந்திர துவிவேதி மலர்வளையம் வைத்தார். இத்தனை நாள் தனியாக வந்துபோனவர்கள் அன்று அழைக்கப்பட்ட விருந்தினர்கள். ஆனால் மகனை இழந்த தாய் தந்தையரில் பெரும்பாலோர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தத் தாமதத்துக்கு யாரிடம் கேட்பது?

தில்லி செல்லும் அங்கத்தினர்களுக்கு ஒரு தகவல். நினைவகம் இந்தியா கேட்டை அடுத்து இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. பரம் வீர் சக்ரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் பரம் யோதா ஸ்தலத்தில் உள்ளன. பரமேஸ்வரனும் அங்கே இருக்கிறார். மாலையில் கொடி இறக்கும் நேரத்தில் ஏதேனும் ஒரு வீரரின் குடும்பத்தார் வந்து மலர்வளையம் வைப்பது வழக்கம். கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டால் தியாக சக்கரத்தைச் சுற்றி வந்து பெயர்களை நிதானமாக வாசிக்கலாம். கிரானைட்டுக் கற்களில் பதவி, பெயர், படைப்பிரிவு என்ற மூன்று விவரங்கள்தான் இருக்கும். ஊர்ப் பெயர் இருக்காது.